மூன்று ஹார்ன், பதினெட்டடி ஹால்

போன ஞாயிறு மதியம் என் பழைய தியேட்டர் ஸ்பீக்கரின் ஹார்னை, அதாவது மேல்சத்தத்தை வெளியே தள்ளுகிற புனல் வாயை, 11 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். அவ்வளவுதான் வேலை. பதினொரு மாதமாகப் பாட்டின் மேல் பாதி ஓர் இடத்திலிருந்தும் கீழ்ப் பாதி இன்னோர் இடத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பாடுகிறவர் ஒரே ஆளாக வந்து நின்றார். அதற்குள் டயாஃப்ரம் (அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய தகடு), கெபாசிட்டர், காயில் என்று மாற்றக்கூடியதையெல்லாம் மாற்றி முடித்திருந்தேன். எந்த வரிசையில் தப்புச் செய்தேனோ அதே வரிசையில் எழுதி வைக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய தியேட்டரைக் கல்யாண மண்டபமாக மாற்றினார்கள். திரைக்குப் பின்னால் கிடந்த சாமான்கள் உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தன. நான் போனபோது கடைக்காரர் டிரைவர்களை, அதாவது ஹார்னின் பின்னால் இருந்து சத்தம் எழுப்பும் காந்தப் பகுதிகளை, கழற்றித் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். காந்தம் தனி, அலுமினியம் தனி, மரம் விறகுக்கு என்பது அவர் கணக்கு. பெட்டியின் முதுகில் ஆல்டெக் லான்சிங் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தகடு. வாய்ஸ் ஆஃப் த தியேட்டர் வரிசையில் ஏ7. உள்ளே கீழ்ச்சத்தத்துக்கு 15 அங்குல 803-பி உஃபர், மேலே 811-பி என்ற வார்ப்பு அலுமினிய ஹார்ன், அதன் கழுத்தில் 802-டி டிரைவர். நான் முகத்தை எவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டாலும் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஜோடி 42,000 ரூபாய். குட்டி யானைக்கு 1,800.

ஒரு பெட்டி மூன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டடி ஆழம். என் ஹால் 18 அடிக்கு 12 அடி. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குள்ள யாராச்சும் குடி இருக்கறாங்களாடா?" என்றார். இருந்தார்கள். வலது பெட்டியில் ஓர் எலிக் குடும்பம்.

உஃபர் இரண்டும் பிழைத்திருந்தன. ஓரத்தில் இருப்பது ஃபோம் அல்ல, அதனால் அரை நூற்றாண்டு ஆகியும் பொடியவில்லை. ஃபோம் ஓரம் வைத்த ஸ்பீக்கர் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். மல்டிமீட்டரில் இரண்டும் பதினொரு ஓம் சுமாருக்குக் காட்டின. 16 ஓம் என்று எழுதியிருக்கிற ஸ்பீக்கர் மீட்டரில் 16 காட்டாது, பயப்பட வேண்டாம். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் கோன் முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்று தெரியும். வலது பெட்டியில் ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தது. தியேட்டரில் எத்தனை வருடம் அப்படியே ஓடியதோ. இந்தப் பேட்டரி வேலையை உஃபரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஹார்ன் டிரைவரில் செய்யாதீர்கள்.

டிரைவரில்தான் முதல் தப்பு. இடது 802-டி ஊமை, டயாஃப்ரத்தோடு ஒட்டிய கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அறுந்திருந்தது. அசல் அளவுக்கான டயாஃப்ரம் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். அவசரப்பட்டு உள்ளூரில், மைக் செட் டிரைவருக்காகச் செய்த 44 மில்லிமீட்டர் டயாஃப்ரம் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். 802-இன் காயில் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்கூட இல்லையே என்று நினைத்தேன். காயில் நுழைகிற அந்தக் காந்த இடுக்கில் அரை மில்லிமீட்டர் என்பது ஒரு தெருவே அடைத்த மாதிரி. உள்சுவரில் உரசி, ஒவ்வொரு ச-வுக்கும் காகிதம் கிழிகிற சத்தம் வந்தது. பிறகு சரியான ஜோடியையே வரவழைத்தேன். சுங்கத்தோடு 21,500. வலதுபக்கம் நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றினேன். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டு காதுக்கும் இரண்டு குரல்.

புதிய டயாஃப்ரம் வைக்கும் முன் இடுக்கைச் சுத்தம் செய்யாமல் விடக்கூடாது. காந்தத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் ஊதினாலும் போகாது, துடைத்தாலும் போகாது. பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பைச் சின்னப் பட்டையாக வெட்டி, பழைய ஏடிஎம் கார்டில் சுற்றி, இடுக்கில் விட்டு விட்டு எடுத்தேன். கறுப்பு நிற்கும்வரை ஒரு டிரைவருக்கு முக்கால் மணி நேரம். அந்தப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோகாதீர்கள், காந்தம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பழைய டயாஃப்ரத்தை அப்படித்தான் பஞ்சர் ஆக்கினேன். நல்லவேளை, செத்தது.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது மேல்சத்தத்தை ஹார்னுக்கும் கீழ்ச்சத்தத்தை உஃபருக்கும் பிரித்து அனுப்புகிற சுற்று. ஒரு பெட்டியில் அதுவே இல்லை, இன்னொன்றில் கெபாசிட்டர் எண்ணெய் கக்கியிருந்தது. இந்த ஜோடிக்கு 800 ஹெர்ட்ஸில் பிரிக்க வேண்டும். 16 ஓமுக்குக் கணக்குப் போட்டால் 8.8 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 4.5 மில்லிஹென்றி காயிலும் வருகின்றன. ஒரு பெட்டிக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு. 8.8-க்கு எங்கே போவது என்று இரண்டு நாள் வலையில் தேடினேன். பதில் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. சீலிங் ஃபேன் கெபாசிட்டர் நம் ஊரில் 2.5, 3.15, 4 என்று சில அளவுகளில் கிடைக்கும். 3.15 இரண்டு, 2.5 ஒன்று, மூன்றையும் இணையாகச் சேர்த்தால் சரியாக 8.8. பாலிப்ராப்பிலின் ஃபிலிம், 440 வோல்ட் தாங்கும், ஒன்று 65 ரூபாய். காந்திபுரத்தில் பன்னிரண்டு வாங்கினேன், 780 ரூபாய். ஆடியோ என்று பெயர் போட்டு விற்கிற கெபாசிட்டர் ஒன்றின் விலையில் முழு வேலையும் முடிந்தது. கேட்டால் வித்தியாசம் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை.

காயிலுக்குக் கோயம்புத்தூரில் அலைய வேண்டியதே இல்லை. தெருவுக்கு ஒரு பம்ப் மோட்டார் காயில் கட்டும் கடை. 18 கேஜ் செம்புக் கம்பியில், நடுவில் இரும்பு இல்லாத காற்றுக் காயிலாக, 300 சுற்று சுற்றித் தரச் சொன்னேன்.

"ஏனுங் தம்பி, இது எந்த மோட்டாருக்குங்க?"

"ஸ்பீக்கருக்குங்ணா."

"ஸ்பீக்கருக்கு எதுக்குங்க அரைக் கிலோவுக்கு மேல செம்பு?"

அவர் கேட்டது நியாயம். நாலு காயிலுக்கு இரண்டரைக் கிலோ ஆனது. கம்பி 2,450, கூலி 800. வீட்டுக்கு வந்து, காயிலையும் கெபாசிட்டரையும் அளக்கிற எல்சிஆர் மீட்டரில் பார்த்து (1,850 ரூபாய், இந்த வேலையில் உருப்படியாகச் செலவழித்த பணம்) ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து சுற்று அவிழ்த்ததும் 4.5 வந்தது. கூடுதலாகச் சுற்றி அவிழ்ப்பதுதான் சுலபம், குறைந்தால் ஒட்டுப் போட முடியாது. இங்கேயும் ஒரு சறுக்கல். இரண்டு காயிலையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன். மீட்டர் எண் மாறியது. ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறுகிறது. ஒன்றைப் படுக்க வைத்து, மற்றதைத் தள்ளி நிமிர்த்தி வைத்ததும் சரியானது.

உஃபரைவிட ஹார்ன் ரொம்ப உரக்கக் கத்தும், அதை அடக்க வேண்டும். 10 ஓம் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகவும், இன்னொரு 10 ஓமை டிரைவருக்கு இணையாகவும் போட்டேன். சுமார் 8 டெசிபல் குறைகிறது, கிராஸ்ஓவர் பார்க்கும் சுமையும் 16 ஓமிலேயே நிற்கிறது. நாலு ரெசிஸ்டருக்கு 160 ரூபாய்.

811-பி ஹார்னை விரலால் தட்டினால் கோயில் மணி மாதிரி ஒரு ரீங்காரம். முதலில் எபாக்சி மக்கை முதுகெல்லாம் பூசினேன். 240 ரூபாயும் ஒரு ஞாயிறும் போயின. கல் மாதிரி இறுகிய பிறகு தட்டினால் அதே மணி, சுதி மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. இறுகுகிற பொருள் அதிர்வைத் தின்னாது. உளியால் பெயர்த்து எடுத்துவிட்டு, கார் கதவுக்குள் ஒட்டுகிற பிசுபிசுப்பான பியூட்டைல் தாள் இரண்டு அடுக்கு ஒட்டினேன், 1,100 ரூபாய். இப்போது தட்டினால் பூசணிக்காய். பெட்டியின் பக்கப் பலகைகளுக்கு உள்ளே ஆசாரி குறுக்குச் சட்டம் அடித்து, ஹார்ன் உட்கார ஒரு மேடையும் செய்து கொடுத்தார். 3,600. அந்த மேடையில் ஹார்னின் வாய் பெட்டியின் முன்விளிம்போடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று சொன்னது நான்தான். பார்க்க லட்சணமாக இருந்தது. அதற்கான அபராதத்தைத்தான் அப்புறம் மாதக் கணக்கில் கட்டினேன்.

பாட்டு வந்தது. சத்தமாக, தெளிவாக, ஆனால் எரிச்சலாக வந்தது. பெண் குரல் மேலே போகும்போது தலைக்கு மேலிருந்து, கீழே இறங்கும்போது முழங்காலிலிருந்து. கெபாசிட்டரோ என்று மாற்றினேன். டயாஃப்ரம் சரியாக உட்காரவில்லையோ என்று நாலு முறை கழற்றி மாட்டினேன். ஹார்னின் ப்ளஸ் மைனஸை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லை என்பதே துப்பு என்று அப்போது உறைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒப்பிட்டுப் பார்க்கும் யோசனை வந்தது. பீளமேட்டில் ஒரு நண்பர் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது கண்டெய்னரில் க்ளிப்ஷ் கம்பெனியின் லா ஸ்காலா ஸ்பீக்கர் ஒரு ஜோடி கொண்டுவந்திருக்கிறார். எழுபதுகளின் கடைசியில் செய்தது. அதில் மூன்று ஹார்ன். உஃபர் மரப்பெட்டிக்குள் மடித்த ஹார்னில் ஒளிந்திருக்கும், 400 ஹெர்ட்ஸுக்கு மேலே நடு ஹார்ன், 6,000-க்கு மேலே ட்வீட்டர். பால் க்ளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த க்ளிப்ஷ்ஹார்னைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அது அறையின் மூலையில் நின்று சுவர்களையே ஹார்னின் வாயாகப் பயன்படுத்துகிற சாதி. என் ஹாலில் ஒரு மூலையில் கதவு, இன்னொரு மூலையில் பூஜை அலமாரி. லா ஸ்காலாவுக்கு மூலை வேண்டாம். அதன் பிறப்பு 1963-இல். வின்த்ராப் ராக்ஃபெல்லர் அர்கன்சா மாநில கவர்னர் தேர்தலுக்கு நின்றபோது மேடையில் பேசுவதற்காகச் செய்தது. அங்கேயும் தேர்தல் மைக் செட்தான்!

அப்படியென்றால் நம் ஊர்க் குழாய் ஸ்பீக்கரை ஏன் விட வேண்டும்? மாமா முப்பது வருடம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். பரணிலிருந்து ஒரு குழாயையும், இஎல்34 வால்வு போட்ட ஒரு மோனோ ஆம்ப்ளிஃபயரையும் இறக்கிக் கொடுத்தார். ஆம்ப் மோனோ என்பது வசதியாகப் போனது. ஜோடி ஜோடியாக வைக்காமல், ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேட்டோம். ஸ்டீரியோவின் ஜாலம் இல்லாதபோது குறை ஒளிய இடமில்லை. நாற்காலி 3.6 மீட்டர் தூரத்தில். மூன்றும் நாற்காலியில் 75 டெசிபல் காட்டும்படி, போனில் அளந்து ஒலியளவைச் சமப்படுத்தினோம். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

முதலில் தொல்லை கொடுத்தது ஆம்ப். லா ஸ்காலாவுக்கு ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில் 104 டெசிபல் என்பது கம்பெனிக் கணக்கு. அந்தக் கணக்கில் நாங்கள் கேட்டது ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. கல்யாணப் பந்தலில் யாருக்கும் கேட்காத ஹம் எங்கள் ஹாலில் வண்டு மாதிரி சுற்றியது. ஃபில்டர் கெபாசிட்டர்களை மாமாவே மாற்றிக் கொடுத்தார். அவர் காசு வாங்கவில்லை, அதனால் கணக்கிலும் இல்லை.

குழாய் ஐந்தே நிமிடத்தில் தோற்றது. ஆகாசவாணிச் செய்தி நன்றாகவே கேட்டது, ஒவ்வொரு எழுத்தும் தனியாக. ஆனால் ஆண் குரலின் அடிப்பகுதி அறவே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய், வலந்தலை மட்டும் டிக் டிக் என்றது. நாகஸ்வரம் வைத்தபோது அம்மா சமையலறையிலிருந்து, "காதுகுத்துக்கு ரேடியோ கட்டுன மாதிரி இருக்குது, நிறுத்துங்கடா" என்றார். அரை மைலுக்கு அப்பால் இருக்கிறவருக்குச் செய்த பொருளைப் பன்னிரண்டு அடியில் வைத்துக் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

லா ஸ்காலா என் வாயை அடைத்தது. அதே பாட்டு, அதே ஆம்ப், குரல் ஒரே இடத்திலிருந்து வந்தது. தவிலில் வலது கை விரல்களின் கூடு தோலில் படுகிற அந்தச் 'சட்'டும், அதன் பின்னால் வருகிற வட்டமான நாதமும் ஒட்டியே வந்தன. குறை இல்லாமல் இல்லை. அடி பேஸ் இல்லை, ஐம்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். இடது கைக் குச்சி பலமாக விழும்போது பக்கப் பலகை அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. இது ஊரறிந்த வியாதி. பிற்காலத்தில் வந்த 'லா ஸ்காலா 2' மாடலில் பலகையை ஓர் அங்குலத் தடிமனாக்கிவிட்டார்கள். நண்பர் அனுமதியோடு ஹார்ன் வாயின் நடுவில் இரண்டு மரத்துண்டுகளை ஆப்பு மாதிரி இறுக்கி வைத்தோம், பசை இல்லை. அதிர்வு பாதியானது.

அதற்குப் பக்கத்தில் என் ஏ7 இரண்டு ஆட்கள் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. 77,000 ரூபாய் போட்டவனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள்தான் அந்த ப்ளஸ் மைனஸ் விஷயம் உறைத்தது. 800 ஹெர்ட்ஸில் உஃபரும் ஹார்னும் சேர்ந்து பாடுகின்றன. சரியாகச் சேர்ந்தால் ஒன்றின் ஒயரை மாற்றியதும் சத்தம் குழியில் விழ வேண்டும். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒரே மாதிரி என்றால், சரிக்கும் தப்புக்கும் நட்டநடுவில் கால் அலைநீளம் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். 800 ஹெர்ட்ஸ் அலை 43 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு பதினொன்றுக்குப் பக்கம்.

போனில் 800 ஹெர்ட்ஸ் ஒலி ஓடவிட்டேன். ஹார்னின் ஒயரைத் தலைகீழாகப் போட்டேன். இன்னொரு போனில் டெசிபல் பார்த்தபடி ஹார்னை ஒவ்வொரு சென்டிமீட்டராகப் பின்னால் நகர்த்தினேன். எங்கே சத்தம் மிக ஆழமாக விழுகிறதோ அங்கே நிறுத்தி, ஒயரைத் திருப்பிப் போட வேண்டும். முதல் முறை போனை ஒரு மீட்டரில், ஹார்ன் உயரத்தில் நிறுத்தி அளந்தேன். 17 சென்டிமீட்டரில் குழி. அங்கே வைத்து நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னும் சரியில்லை. கிட்டத்தில் ஹார்னுக்கு நேராக நின்றால் கீழே இருக்கிற உஃபருக்குத் தூரம் கூடிவிடுகிறது, அதனால்தான் எண் ஏமாற்றியது. போனை நாற்காலியில், காது உயரத்தில் கட்டி அளந்தபோது 11. குழி 15 டெசிபலுக்கு மேல். ஹார்னின் வாய் இப்போது பெட்டியின் முன்விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நிற்கிறது, லட்சணம் போய்விட்டது. ஹார்னுக்கு முன்னால் காலியான மேல்பலகையில் பழைய கம்பளியை மடித்துப் போட்டேன்.

நண்பர் மறுபடி வந்தார். இரண்டாவது சுற்றில் குரல் ஒட்டிவிட்டது. பழைய மோனோ இசைத்தட்டுகளில், குறிப்பாக ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில், ஏ7-தான் மேல் என்பது என் தீர்ப்பு. நாகஸ்வரமே ஒரு ஹார்ன்தானே. அதன் விரிந்த வாயான அணசிலிருந்து காற்று கிளம்பி வருகிற அந்தப் பருமன் லா ஸ்காலாவில் கொஞ்சம் மெலிந்து போகிறது. புதிய பதிவுகளில், தம்புராவின் நுனி, சிணுங்கல், கஞ்சிராவின் ஜால்ரா போன்றவற்றில் லா ஸ்காலா முன்னே. ஏ7-இல் மேல்ஸ்தாயி ஒரு கட்டத்துக்கு மேல் மங்கிவிடுகிறது. மெதுவாக, இரவு பத்து மணிக்குக் கேட்கவும் லா ஸ்காலாதான். நாற்காலியை 2.5 மீட்டருக்கு இழுத்தால் ஏ7 மறுபடி இரண்டு ஆளாகிவிடுகிறது. லா ஸ்காலா அந்த அளவுக்குக் கலைவதில்லை. நேர்மையாகச் சொன்னால் இந்த ஹாலுக்கு ஏற்றது அதுதான். நண்பர் விற்க மாட்டாராம், கேட்டுவிட்டேன்.

அறையைப் பற்றி ஒன்று. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அது லாபம். மொசைக் தரை மேல்சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது, அது நஷ்டம். நாற்காலிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு பவானி ஜமுக்காளம் விரித்ததும் ஹார்னின் கூர்மை அடங்கியது. அது வீட்டிலேயே இருந்தது, செலவு இல்லை.

மொத்தச் செலவு 77,680. அதில் உள்ளூர் டயாஃப்ரமும் மக்கும் சேர்த்து 1,640 வீண். மறுபடி செய்தால் முதல் வாரமே போனும் நாற்காலியுமாக அந்த 11 சென்டிமீட்டரைத் தேடுவேன். மேடையை நகர்கிற மாதிரி தண்டவாளம் வைத்துச் செய்யச் சொல்வேன். இப்போது ஹார்னுக்கு அடியில் இரண்டு மரச்சட்டமும் நாலு துண்டு சைக்கிள் டியூபும்தான்.

மாமாவின் குழாயை ஆடி நோம்பிக்கு முன் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்து 511-பி ஹார்ன் ஒரு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன். அது பெரிய வாய், 500 ஹெர்ட்ஸிலேயே பிரிக்கலாம். 14 மைக்ரோஃபாரடுக்கு ஃபேன் கெபாசிட்டரில் 4 ஒன்றும் 2.5 நாலும் போதும். காயில்தான் 7.2 மில்லிஹென்றிக்குப் போகிறது. மோட்டார் கடை அண்ணனிடம் சொல்லி வைத்தேன். "இந்தத் தடவை முக்காக் கிலோவுங்களா?" என்றார்.